படித்தால் புரிகிறது, கேட்டால் புரியவில்லை: எதிர் வீட்டுப் பையனின் காவ்காவ் ஆங்கிலத்துக்கு யோசனை வேண்டும்

ஷென்சென்வாசி | பிப்ரவரி 2, இரவு 11.40

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வாத்தியார் இல்லை. ஷென்சென் வந்து ஒன்பது வருடம் ஆகிறது, சர்க்யூட் போர்டு வேலை. எதிர் வீட்டில் ஹூனான் மாகாணத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறது, அந்த அம்மா கீழே தெருவில் அரிசி நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர் பையனுக்கு இந்த ஜூனில் காவ்காவ், அதாவது கல்லூரி நுழைவுத் தேர்வு. இங்கேயே வளர்ந்த பையன்தான். ஆனால் அப்பாவின் சமூகக் காப்பீட்டுக் கணக்கில் நடுவில் இடைவெளி விழுந்துவிட்டதால் ஷென்சென் இருக்கிற குவாங்டாங் மாகாணத்தில் தேர்வு எழுத அவனுக்குத் தகுதி இல்லை என்றாகி, குடும்பப் பதிவு இருக்கிற ஹூனானுக்கே போன வருடம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாட்டி ஊரில் விடுதிப் பள்ளி.

அங்கேதான் சிக்கல் ஆரம்பம். குவாங்டாங்கில் கேட்பதும் பேசுவதும் சேர்த்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தனியாக எழுதுகிற 20 மதிப்பெண் தேர்வு, வீடியோவில் ஒருவர் பேசுவார், அதே மாதிரி பேசிக்காட்ட வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், கதையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஹூனானில் அதெல்லாம் கிடையாது. ஜூன் 8 பிற்பகல் எழுத்துத் தேர்வோடு சேர்ந்தே ஒலிபெருக்கியில் ஓடும், 20 கேள்வி, ஒன்றுக்கு ஒன்றரை மதிப்பெண், மொத்தம் 30.

பத்து நாள் விடுமுறைக்கு வந்திருக்கிறான். நேற்று அந்த அம்மா ஒரு தட்டில் புகைபோட்ட பன்றி இறைச்சியோடு வந்து (நான் சைவம் என்று ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்) மாதிரித் தேர்வுத் தாளை நீட்டினார். வாசிப்பில் 50க்கு 42.5. கேட்டலில் 30க்கு 15. மூன்று விடையில் ஒன்று சரி என்ற கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 10 வந்துவிடும் என்பதை யோசித்துப் பாருங்கள். 'ரிலக்டன்ட்' தெரிகிறது, 'சஸ்டெய்னபிள்' தெரிகிறது, ஆனால் இரண்டு பேர் எங்கே சந்திக்கப் போகிறார்கள் என்று கேட்டால் நூலகமா ரயில் நிலையமா என்று விழிக்கிறான். நாலு மாதம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

—

பழைய வாத்தியார் | பிப்ரவரி 3, காலை 6.15

தம்பி, முப்பத்திரண்டு வருடம் ஆங்கிலம் நடத்தியவன் என்கிற முறையில் சொல்கிறேன். அடித்தளம் இலக்கணம். தினமும் ஆங்கிலப் பேப்பர் தலையங்கம் ஒன்றை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், ஐந்து புதுச் சொல் எழுதட்டும். காது தானாகத் திறக்கும்.

—

யாங்சிக்கரை | பிப்ரவரி 3, காலை 9.02

வாத்தியார் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் வாய்விட்டுப் படிப்பதில் சீனப் பிள்ளைகளை யாரும் மிஞ்ச முடியாது. வூஹானில் ஐந்தாம் வருடம் மருத்துவம் படிக்கிறேன், எங்கள் விடுதிக்குப் பின்னால் ஒரு மேல்நிலைப் பள்ளி. விடிந்ததும் ஒரு வகுப்பு முழுக்க எழுந்து நின்று, ஆளுக்கு ஒரு பக்கம் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்துவார்கள். யார் என்ன படிக்கிறார்கள் என்று அவர்களுக்கே கேட்காது. சொற்களும் குறைவில்லை, 3,500 சொல் பட்டியல் எல்லோர் பையிலும் இருக்கும். அகரவரிசையில் முதலில் வருகிற பெரிய சொல் 'அபேண்டன்', கைவிடு என்று அர்த்தம். புத்தகத்தைத் திறந்தோம், அபேண்டன் படித்தோம், கைவிட்டோம் என்பது அங்கே தலைமுறைகளாக ஓடுகிற நகைச்சுவை.

ஷென்சென் அண்ணா, தாளின் அமைப்பைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள், பாதி அங்கேதான் இருக்கிறது. முதல் ஐந்து கேள்விக்கு ஐந்து குட்டி உரையாடல், ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவைதான் ஓடும். பத்து விநாடி இடைவெளி, அதற்குள் விடையும் குறிக்க வேண்டும், அடுத்த கேள்வியையும் படித்துவிட வேண்டும். மீதிப் பதினைந்து கேள்விக்கான நீளமான பேச்சு இரண்டு தடவை ஓடும். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். அவன் எந்த ஐந்தில் கோட்டை விடுகிறான் என்று எண்ணிப் பாருங்கள்.

அப்புறம் சட்டை விலை தெரியுமா? ஒவ்வொரு தாளிலும் தொடக்கத்தில் மாதிரிக் கேள்வி ஒன்று அதே மாதிரி வரும். 'இந்தச் சட்டை என்ன விலை?' 'நைன் ஃபிஃப்டீன்.' பிறகு சீனத்தில் ஒரு குரல் அறிவிக்கும்: சட்டையின் விலை ஒன்பது பவுண்ட் பதினைந்து பென்னி, ஆகவே நீங்கள் சி விடையைத் தேர்ந்தெடுத்துத் தாளில் குறிக்கிறீர்கள். வருடக்கணக்காக அதே சட்டை, அதே விலை. சீனாவில் பள்ளி முடித்த யாரிடமும் 'ஒன்பது பவுண்ட்' என்று ஆரம்பித்தால் 'பதினைந்து பென்னி' என்று முடித்துவிடுவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் அதைக் கேட்கவே மாட்டார்கள், அந்த நேரத்தில் முதல் ஐந்து கேள்வியையும் படித்து வைத்துவிடுவார்கள்.

—

கடலூர் குமரன் | பிப்ரவரி 3, காலை 10.30

அந்த இருபது நிமிடம் விமானத்தையே நிறுத்திவிடுவார்களாமே, வீடியோ பார்த்தேன். நம் ஊரில் பரீட்சை நடக்கும்போது ஸ்பீக்கர் கட்டி கல்யாணம் நடக்கும்.

—

யாங்சிக்கரை | பிப்ரவரி 3, காலை 10.48

விமானத்தை நாடு முழுக்க நிறுத்துவது தென் கொரியா, அது நவம்பரில் நடக்கிற வேறு தேர்வு. சீனாவில் தேர்வு மையத்தைச் சுற்றிக் கட்டட வேலையை நிறுத்துவார்கள், ஹாரன் அடிக்கக் கூடாது. மூன்று மணித் தேர்வுக்கு 2.45க்குக் கதவைச் சாத்திவிடுவார்கள், மற்றப் பாடங்களில் தேர்வு தொடங்கிக் கால் மணி நேரம் வரை தாமதமாக வருகிறவர்களை விடுவதுண்டு, ஆங்கிலத்தில் கிடையாது. கேட்டல்தான் முதலில் ஓடும், நடுவில் ஒருவர் நாற்காலியை இழுத்தால் போதும்.

—

தோ பாயோ டீச்சர் | பிப்ரவரி 3, இரவு 9.20

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்தேன். சீனாவிலிருந்து கல்வி உதவித்தொகையில் வருகிற பிள்ளைகள் வருடா வருடம் என் வகுப்பில் இருப்பார்கள், அதனால் இந்தப் பையனை எனக்கு நேரில் பார்த்த மாதிரியே இருக்கிறது. சொல் தெரியாத குறை இல்லை இது. கண்ணுக்குத் தெரிந்த சொல் காதுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அவன் ஒவ்வொரு சொல்லையும் அச்சில் பார்த்துத்தான் பழகியிருக்கிறான். ஆளை போட்டோவில் மட்டும் பார்த்திருந்தால் இருட்டில் குரலை வைத்து அடையாளம் தெரியுமா?

அவர்கள் மொழியையும் கொஞ்சம் கவனியுங்கள். மாண்டரினில் ஒரு அசை முடிவதென்றால் உயிரெழுத்திலோ, ன், ங் மாதிரி மூக்கொலியிலோ, பெய்ஜிங்காரர்கள் சேர்க்கிற ர்-ரிலோதான் முடியும். ட், க், ப் என்று முடிகிற அசையே இல்லை. அதனால் 'கார்' என்றாலும் 'கார்டு' என்றாலும் பல பிள்ளைகளுக்கு ஒன்றாகத்தான் விழும். வினைச்சொல்லின் வாலில் ஒட்டுகிற இறந்தகால 'டு' காணாமலே போய்விடும், போதாததற்கு அவர்கள் மொழியில் வினை காலத்துக்கு ஏற்ப மாறுவதே இல்லை, ஆகவே காது அதைத் தேடவும் தேடாது. நாம் இதற்கு நேர் எதிர், எல்லாவற்றிலும் ஒரு உ-வை ஒட்டி பஸ்ஸு, கார்டு, போர்டு என்போம், பேசும்போது கேலிக்கு ஆளானாலும் கேட்கும்போது அந்த வால் நமக்குத் தப்பாது. அவன், அவள் இரண்டுக்கும் அங்கே 'தா' என்று ஒரே ஒலி. எழுத்தில்தான் வித்தியாசம். நீளமான உரையாடலில் யார் யாரைப் பற்றிச் சொன்னார் என்று கேட்டால் ஹீ, ஷீ கலந்து குழம்புவது அதனால்தான், கவனக்குறைவு என்று திட்டாதீர்கள்.

எண்களும் அப்படியே. நமக்கு லட்சம் மாதிரி அவர்களுக்குப் பத்தாயிரம் ஒரு தனிப் படி, 'வான்' என்பார்கள். 'தர்ட்டி தௌசண்ட்' என்று காதில் விழுந்ததும் மனசுக்குள் 'மூன்று வான்' என்று மாற்றிக்கொண்டிருப்பான், அதற்குள் அடுத்த வாக்கியம் போய்விடும். ஆங்கிலச் செய்தியில் 'டூ ஹண்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி தௌசண்ட்' என்றால் நாமும் ஒரு கணம் நின்று இரண்டரை லட்சம் என்று மாற்றுகிறோமா இல்லையா?

ஹூனான் என்றீர்களே, அங்கே பல ஊர்ப் பேச்சில் ந-வும் ல-வும் ஒன்றுதான், ஹ-வும் ஃப-வும் இடம் மாறும். தங்கள் மாகாணத்தையே 'ஃபூலான்' என்று சொல்லித் தங்களையே கிண்டல் செய்துகொள்வார்கள். 'நைட்', 'லைட்' இரண்டையும் அவனிடம் சொல்லிப் பாருங்கள்.

செய்ய வேண்டியது ஒன்றுதான், சலிப்பான வேலை. ஒரு நிமிட ஒலிப்பதிவு எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மூன்று தடவை ஓட்டி, காதில் விழுந்ததை அப்படியே எழுதச் சொல்லுங்கள், அர்த்தம் வராவிட்டாலும் பரவாயில்லை, விழுந்த ஒலியை எழுதட்டும். பிறகு அச்சிட்ட உரையை வைத்துச் சிவப்புப் பேனாவால் திருத்தட்டும். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் குறிக்க வேண்டும்: இந்தச் சொல் எனக்குத் தெரியவே தெரியாதா, தெரிந்தும் காதில் அடையாளம் தெரியவில்லையா, அல்லது கேட்டும் அர்த்தம் ஓடவில்லையா என்று. சீன ஆசிரியர்களுக்கும் இது தெரிந்ததுதான், 'ஜிங்டிங்' என்பார்கள், நுணுக்கிக் கேட்பது. ஐம்பது பேர் வகுப்பில் அதற்கு நேரம் எங்கே? ஒலிப்பதிவைப் போடுவார்கள், விடை ஏ, பி, சி என்று படிப்பார்கள், அடுத்த தாள். இரண்டாவது குவியல்தான் பெரிதாக இருக்கும், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

—

ஷென்சென்வாசி | பிப்ரவரி 5, இரவு 10.05

டீச்சர், வணக்கம் போட வேண்டியதுதான்.

நேற்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். பழைய தாள் ஒன்றின் ஒலிப்பதிவில் ஒரு நிமிடம். 31 இடத்தில் தவறு, அதில் தெரியாத சொல் நான்கே நான்கு. இருபதுக்கு மேல் உங்கள் இரண்டாவது குவியல்.

ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்கிறேன். நான் சோதித்துப் பார்க்க நானே சொந்தமாகச் சொன்னது, 'ஐ பிக்டு இட் அப் அட் எய்ட்.' எட்டு மணிக்கு எடுத்துக்கொண்டு வந்தேன், இவ்வளவுதான். சாதாரணமாகப் பேசுகிற வேகத்தில் சொன்னேன். அவன் எழுதியது: 'ஐ பிக், டிட் அப், டெய்ட்.' டெய்ட் என்றால் தேதி அல்லவா, ஏதோ தேதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று அவனே ஒரு கதையும் கட்டிவிட்டான். உரையைக் காட்டியதும் மேசையில் தலையை முட்டிக்கொண்டான். ஆறாம் வகுப்பில் படித்த சொற்கள், ஷூஷூ, என்றான். ஷூஷூ என்றால் சித்தப்பா மாதிரி.

நைட், லைட் சோதனை: பத்துக்கு ஐந்து. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் அதுதான் வரும். அவன் அம்மா பத்துக்கு நான்கு, ஆனால் எல்லாம் சரி என்று கடைசி வரை வாதாடினார்.

யாங்சிக்கரை சொன்னபடி எண்ணிப் பார்த்தேன், ஒரு தடவை மட்டும் ஓடுகிற முதல் ஐந்தில் நான்கு தவறு. அதிலும் பாதி, முதலில் காதில் விழுகிற எண்ணையோ இடத்தையோ பிடித்துக்கொண்டு ஓடிவிடுவது. 'ஏழு மணிக்கு வரட்டுமா' என்று ஒருவர் கேட்பார், 'வரலாம், பட்...' என்று மற்றவர் ஆரம்பிப்பார். விடை எப்போதும் அந்தப் 'பட்'டுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறது, இவன் அதற்குள் ஏழைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பான்.

—

சும்மாதான் | பிப்ரவரி 5, இரவு 11.31

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். போன் மொழிபெயர்க்கிற காலத்தில் இதெல்லாம் எதற்கு? சீனாவிலேயே ஆங்கிலத்தை எடுத்துவிடப் போகிறார்கள் என்று படித்தேனே. இல்லையென்றால் பையனை ஜப்பானிய மொழிக்கு மாற்றிவிடுங்கள், அதுவும் ஏற்றுக்கொள்வார்கள் என்கிறார்கள்.

—

யாங்சிக்கரை | பிப்ரவரி 6, காலை 7.50

எடுக்கவில்லை. 2021 மார்ச்சில் அரசியல் ஆலோசனை மாநாட்டு உறுப்பினர் ஒருவர் ஆங்கிலத்தை முதன்மைப் பாடத்திலிருந்து இறக்க வேண்டும் என்று யோசனை வைத்தார், இணையம் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அதற்கு முன்பு 2013ல் பெய்ஜிங்கில் ஆங்கிலத்தின் 150 மதிப்பெண்ணை 100 ஆக்கலாமா என்று ஒரு வரைவு வந்தது. இன்றைக்கும் 750க்கு 150 ஆங்கிலம்தான். சீன மொழிக்கும் கணிதத்துக்கும் சமம். பெய்ஜிங்கில் இப்போது கேட்டல் பேசுதலுக்கு மட்டுமே 50, கம்ப்யூட்டரில் தனியாக, வருடத்தில் இரண்டு வாய்ப்பு. குறைப்பார்கள் என்று காத்திருந்தவர்களுக்குக் காதின் பங்கு கூடித்தான் வந்திருக்கிறது.

ஜப்பானிய மொழி உண்டு, ரஷ்யன், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷும் உண்டு. ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளைகள் நிறையப் பேர் ஜப்பானியத்துக்குத் தாவுகிறார்கள், பாதி எழுத்து சீன எழுத்துதானே என்று. ஆனால் அதை மேல்நிலை முதல் வருடத்திலேயே செய்ய வேண்டும். நாலு மாதத்தில் யார் மாறுவது? அதிலும் கேட்டல் பகுதி இருக்கிறது.

—

தோ பாயோ டீச்சர் | பிப்ரவரி 6, இரவு 8.44

ஷென்சென்வாசி, ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. வாசிப்பில் 42.5 என்றீர்களே, அந்த மதிப்பெண்ணை நான் அப்படியே நம்பமாட்டேன். அவன் சரியாக விடை எழுதிய கட்டுரை ஒன்றை எடுத்து, கடைசிக் கட்டுரையாக இருக்கட்டும், தாளை மூடி வைத்துவிட்டு, இது எதைப் பற்றி என்று மூன்று வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். சீனத்திலேயே சொல்லட்டும்.

—

ஷென்சென்வாசி | பிப்ரவரி 8, இரவு 11.58

சொல்ல முடியவில்லை.

விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கே இது புதுசு. தாளில் வாசிப்புக்கு நான்கு கட்டுரை. ஏ என்பது அறிவிப்பு, விளம்பரம் மாதிரி, பி பெரும்பாலும் கதை, சி-யும் டி-யும் அறிவியல், சமூகம், ஆராய்ச்சி என்று வெளிநாட்டுப் பத்திரிகைகளிலிருந்து எடுத்துச் சுருக்கியது. பதினைந்து கேள்வி, தலைக்கு இரண்டரை. அப்புறம் ஏழு வாக்கியத்தில் ஐந்தை எடுத்து ஓட்டையில் பொருத்துகிற பகுதி 12.5. அவன் டி கட்டுரையில் நாலுக்கு நாலு சரி. தாளைத் திருப்பி வைத்துவிட்டுக் கேட்டேன். பறவைகளைப் பற்றி என்றான். பறவைகளைப் பற்றி என்ன? யோசித்தான், ஏதோ ஆராய்ச்சி என்றான். விஞ்ஞானிகள் சொன்னது சரியா தவறா என்று எழுதியவர் நினைக்கிறார்? அது கேள்வியில் வரவில்லையே ஷூஷூ!

அப்படியானால் விடை எப்படிக் கண்டுபிடித்தாய் என்றதும் உற்சாகமாக விளக்க ஆரம்பித்தான். கேள்வியில் இருக்கிற பெயரையோ எண்ணையோ எடுத்துக்கொண்டு கட்டுரையில் தேடுவான், அந்த வரியை மட்டும் சொல்லுக்குச் சொல் சீனத்தில் மாற்றுவான், பிறகு விடைகளைக் கழித்துக்கட்டுவான். தவறான விடைகளுக்கு ஆசிரியர் பெயர் வைத்துக் கொடுத்திருக்கிறார். 'இல்லாததிலிருந்து பிறந்தது' என்றால் கட்டுரையில் இல்லவே இல்லாத செய்தி. 'சரக்கை மாற்றி வைத்தது' என்றால் சொல் இருக்கும், அர்த்தம் வேறாக இருக்கும். எனக்குப் பிடித்தது 'சாங் தொப்பி லீ தலையில்': ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதாக எழுதியிருக்கும் விடை. இதெல்லாம் உண்மையிலேயே கூர்மையான கருவிகள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எதுவும் ஓடாதபோது கடைசிக் கை ஒரு பாட்டு: மூன்று நீளம் ஒன்று குட்டை என்றால் குட்டையை எடு, மூன்று குட்டை ஒன்று நீளம் என்றால் நீளத்தை எடு. சிரிக்காமல் ஒப்பித்தான்.

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. வாசிப்பும் கேட்டலும் இவனுக்கு இரண்டு நோய் இல்லை, ஒரே நோய். இரண்டிலும் சொல்லுக்குச் சொல் சீனத்தில் மாற்றித்தான் அர்த்தம் எடுக்கிறான். தாளில் திரும்பிப் போய்ப் பார்க்கலாம், கோடு போடலாம், அதனால் வண்டி ஓடுகிறது. ஒலிபெருக்கி யாருக்காகவும் திரும்பி வராது.

—

பழைய வாத்தியார் | பிப்ரவரி 9, காலை 6.02

தம்பி கண்டுபிடித்தது சரி. ஆனால் ஒரு எச்சரிக்கை. நாலு மாதம் இருக்கும்போது ஓடுகிற வண்டியின் சக்கரத்தைக் கழற்றாதீர்கள். அவன் தந்திரம் 42.5 கொடுக்கிறது. அதை 'உண்மையான வாசிப்பு' என்ற பெயரில் நீங்கள் கலைத்துவிட்டால் 35க்கு இறங்கும், அவன் அம்மா உங்கள் கதவைத் தட்டுவார், இந்த முறை கையில் தட்டு இருக்காது. நானும் என் முதல் பதிவில் அவசரப்பட்டுவிட்டேன், காது தானாகத் திறக்காது, ஒப்புக்கொள்கிறேன்.

—

தோ பாயோ டீச்சர் | பிப்ரவரி 9, காலை 11.15

ஐயாவோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். மதிப்பெண் தாளில் தந்திரத்தைத் தொட வேண்டாம். ஆனால் இதே தாளின் கடைசியில் 25 மதிப்பெண்ணுக்கு ஒரு பகுதி இருக்கிறது, ஒரு கதையைக் கொடுத்துப் பாதியில் நிறுத்திவிடுவார்கள், இரண்டு பத்திக்கு முதல் வாக்கியம் மட்டும் தருவார்கள், மீதியை 150 சொல் அளவில் மாணவர் எழுத வேண்டும். அங்கே பெயரைத் தேடிப் பிடிக்கிற வேலை செல்லாது, கதை புரிந்தால்தான் முடிக்க முடியும். அதில் என்ன வாங்குகிறான்?

தினம் ஒரே ஒரு பி கட்டுரை, கேள்விகளை மறைத்துவிட்டு, பென்சில் இல்லாமல், திரும்பிப் போகாமல் ஒரே மூச்சில் படிக்கட்டும். பிறகு அதையே யாராவது வாசிக்கக் கேட்கட்டும். கண்ணும் காதும் ஒரே வேகத்துக்கு வந்தால் மாற்றிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

—

ஷென்சென்வாசி | பிப்ரவரி 9, இரவு 10.20

அதில் 25க்கு 11. நீங்கள் கேட்டதுமே பயந்தேன்.

நாளை ஊருக்குக் கிளம்புகிறான். பள்ளியில் போன் கிடையாது, ஞாயிறு மதியம் மூன்று மணி நேரம்தான் கையில் கொடுப்பார்களாம். வீசாட்டில் குரல் செய்தி அனுப்புவதாகப் பேச்சு. என் உச்சரிப்பில் கேட்டால் கெட்டுப்போவானா என்பதுதான் கவலை. வி-க்கும் டபிள்யூ-வுக்கும் நானே வித்தியாசம் காட்டமாட்டேன்.

—

யாங்சிக்கரை | பிப்ரவரி 9, இரவு 10.41

கெட்டுப்போகமாட்டான் அண்ணா. தேர்வு ஒலிப்பதிவு மட்டும் அசல் ஆளின் குரலாக இருக்கட்டும். நீங்கள் கதை வாசிக்கலாம், சட்டை விலையை மட்டும் நீங்கள் சொல்லாதீர்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்று ஞாபகம் வருகிறது. எங்கள் ஆய்வகத்தில் ஹாங்சோவ் பெண் ஒருத்தி இருக்கிறாள், செஜியாங் மாகாணத்தில் 2018 நவம்பரில் ஆங்கிலத் தேர்வு எழுதியவள். தாள் முந்தைய வருடத்தைவிடக் கடினமாகிவிட்டது என்று வாசிப்பில் சில கேள்விகளுக்கும் அந்தத் தொடர்கதைப் பகுதிக்கும் மட்டும் கூடுதல் எடை போட்டு மதிப்பெண் கொடுத்துவிட்டார்கள். யாருக்கு எவ்வளவு ஏறியது என்று தெரியாமல் பெற்றோர் கொதித்தார்கள். டிசம்பரில் அதை ரத்து செய்து அசல் மதிப்பெண்ணுக்கே திரும்பினார்கள், மாகாணக் கல்வித் துறைத் தலைவர் பதவி போனது. அந்தப் பத்து நாளில் என் மதிப்பெண் இரண்டு தடவை மாறியது என்று இன்னும் பல்லைக் கடிக்கிறாள். இரண்டரை மதிப்பெண் என்றால் நமக்குத்தான் சின்ன விஷயம்.

—

ஷென்சென்வாசி | ஏப்ரல் 19, மாலை 6.30

ரொம்ப நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும். நிலவரம் இதுதான்.

வாரம் ஆறு பதிவு, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். ஞாயிறு மொத்தமாக இறக்கிப் பள்ளி அனுமதிக்கிற சின்ன ஒலிப்பான் ஒன்றில் ஏற்றிக்கொள்கிறான், இரவுப் படிப்பு முடிந்து விளக்கணைக்கும் முன் ஒன்று. அவன் எழுதிய தாளைப் படமெடுத்து அனுப்புவான், சிவப்புப் பேனாவோடு. முதல் வாரங்களில் தாள் ரத்தக்களரி. இப்போது ஒரு நிமிடத்துக்கு ஏழெட்டு. தர்ட்டீன், தர்ட்டி குழப்பம் கிட்டத்தட்டப் போய்விட்டது, அழுத்தம் எங்கே விழுகிறது என்று பார்த்தால் போதும் என்று அவனே கண்டுகொண்டான். நைட், லைட் பத்துக்கு எட்டு. அதற்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது, நானும் விட்டுவிட்டேன், வாக்கியத்தில் வந்தால் அர்த்தத்தை வைத்துப் பிடித்துக்கொள்கிறான்.

பி கட்டுரைகளை நான் வாசித்து அனுப்புகிறேன். ஒரு நாள் விளையாட்டுக்காக அந்த அறிவிப்புக் குரலைப் போலச் செய்து, 'நைன் ஃபிஃப்டீனு' என்று நம் ஊர் உகரத்தை நன்றாக இழுத்துச் சட்டை விலையைச் சொல்லி அனுப்பித் தொலைத்தேன். விடுதி அறையில் ஆறு பேரும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்களாம். யாங்சிக்கரை எச்சரித்தது நினைவிருக்கிறது.

மாதிரித் தேர்வில் கேட்டல் 22.5, வாசிப்பு 40. வாத்தியார் ஐயா சொன்ன மாதிரியே வாசிப்பு இறங்கிவிட்டது. நேரம் போதவில்லை என்கிறான், முழுதாகப் படிக்க ஆரம்பித்துவிட்டான். தொடர்கதை 16. மொத்தத்தில் ஏற்றம்தான், ஆனால் அந்த 2.5 அவன் அம்மா கண்ணில் பட்டுவிட்டது.

—

பழைய வாத்தியார் | ஏப்ரல் 20, காலை 5.58

மே மாதம் முழுக்கக் கடிகாரம் வைத்து எழுதட்டும், நாலு கட்டுரைக்கு அரை மணிக்கு மேல் கிடையாது. ஏ கட்டுரையை முழுதாகப் படிக்கக் கூடாது, அது பஸ் நேர அட்டவணை மாதிரி, தேட வேண்டியதை மட்டும் தேடினால் போதும். தந்திரம் அங்கே செல்லும். டி-யை மட்டும் முழுதாகப் படிக்கட்டும்.

—

ஷென்சென்வாசி | ஜூன் 10, காலை 8.10

நேற்று முடிந்தது. அந்த அம்மா மூன்று நாள் கடையைச் சாத்திவிட்டு, சிவப்பு சீபாவ் உடை தைத்துக்கொண்டு ஊருக்குப் போனார். கொடி நாட்டி வெற்றி என்கிற மரபுத்தொடரில் வருகிற கொடிக்கும் அந்த உடைக்கும் ஒரே 'சீ' ஒலி என்பதால் தேர்வு வாசலில் அம்மாக்கள் அப்படி நிற்பார்களாம். படம் அனுப்பியிருக்கிறார், கடையில் மாவுக் கையோடு பார்த்த முகம்தானா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

இணையத்தில் வந்த விடைகளை வைத்துப் பையன் எண்ணியிருக்கிறான். கேட்டல் 20க்கு 17, அதாவது 25.5. வாசிப்பு 42.5, பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. போன மூன்றில் இரண்டு முதல் ஐந்தில்தான். ஒன்று உண்மையிலேயே கேட்கவில்லை என்றான். இன்னொன்றுக்குக் காரணம் கேட்டால் கொஞ்ச நேரம் பதிலே இல்லை, அப்புறம் இப்படி வந்தது: 'ஷூஷூ, சட்டை விலை ஓடும்போது கேள்வியைப் படிக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த ஆள் நைன் ஃபிஃப்டீன் என்று சொன்னதும் உங்கள் குரல் காதில் விழுந்துவிட்டது. சிரிப்பை அடக்குவதற்குள் முதல் கேள்வி போய்விட்டது.'

ஒன்றரை மதிப்பெண். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம்.

—

யாங்சிக்கரை | ஜூன் 10, காலை 8.32

நான் சொன்னேன்!!

—

தோ பாயோ டீச்சர் | ஜூன் 10, காலை 9.05

15இலிருந்து 25.5. என் வகுப்பில் இரண்டு வருடத்தில் இவ்வளவு ஏறாத பிள்ளைகள் உண்டு. பையனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். அந்தச் சட்டை விலைப் பதிவு போனில் இருந்தால் இங்கே போடுங்களேன்.

—

ஷென்சென்வாசி | ஜூன் 10, காலை 9.11

போடமாட்டேன்.